கொண்டாட்டங்களில் வாசிக்கும் கவர் இசைக்குழுவினர் எந்தெந்த இசைப் பின்னணியிலிருந்து வருகிறார்கள்? பின்னணிகள் வேறுபட்டால் வாசிப்பில் இடிக்காதா?

பிறர் பாடிப் புகழ்பெற்ற நடனப் பாடல்களை விருந்துகளிலும் கொண்டாட்டங்களிலும் வாசிக்கும் ஆறு பேர் குழு ஒன்றில் நான் 11 ஆண்டுகளாக பேஸ் கிட்டார் வாசித்துவருகிறேன். எங்கள் டிரம்ஸ் கலைஞர் அணிவகுப்பு பேண்டிலிருந்து வந்தவர். பாடகி தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர். கீபோர்டு வாசிப்பவர் மேற்கத்திய செவ்வியல் பியானோ பயின்றவர். சாக்ஸபோன் கலைஞருக்கு ஜாஸ், கிட்டார் கலைஞருக்கு ஹார்ட் ராக். இடிக்காதா என்று கேட்கிறீர்கள். நன்றாகவே இடித்தது. ஆனால் யாருக்கு எந்தப் பாடகரைப் பிடிக்கும் என்ற இடத்தில் நாங்கள் ஒருபோதும் மோதிக்கொண்டதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும் தாளத்தில் எந்த எண்ணிக்கை கனமாக விழ வேண்டும் என்பதில்தான் முதல் ஓராண்டு முழுவதும் மோதினோம். ஒருவர் சிறு வயதில் முதலில் பழகிய இசை அந்தக் கனத்தை அவருடைய உடம்பிலேயே பதித்துவிடுகிறது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

அணிவகுப்பு இசை, நடக்கும் கால்களுக்காக உருவான இசை. இடது கால் விழும் ஒன்றும் மூன்றும் அதில் கனமானவை. பெரிய டிரம் அங்கேதான் ஒலிக்கும். சோல், ஃபங்க், டிஸ்கோ, ராக் ஆகிய நடன இசை வகைகளில் பெரும்பாலும் இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் எனப்படும் சிறிய டிரம்மின் அடி ஓங்கி விழுகிறது. ஆடுபவர்களின் தோளும் கைதட்டலும் அந்த இடத்தைத்தான் தேடும். எங்கள் டிரம்ஸ் கலைஞர் இரண்டிலும் நான்கிலும் தவறாமல் அடித்தார். ஆனாலும் பாட்டு முன்னோக்கி நடந்துகொண்டே இருந்ததே தவிர, ஓரிடத்தில் நின்று ஆட மறுத்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பல மாதங்கள் பிடித்தன. அணிவகுப்பில் ஸ்னேர் வாசிப்பவர் ஒவ்வொரு அடியையும் ஒரே அளவில், ஒரே தெளிவுடன் அடிக்கப் பயில்கிறார். ஃபங்க் வாசிப்பிலோ ஓங்கிய இரண்டு அடிகளுக்கு இடையில், குச்சி தோலிலிருந்து ஓர் அங்குலம்கூட எழாமல் போடப்படும் மெல்லிய அடிகள் உண்டு. கேட்பவர்களுக்கு அவை அடிகளாகத் தெரிவதில்லை. அவற்றை எடுத்துவிட்டால் மட்டும் பாட்டு வற்றிப்போகும். அவருடைய இடது மணிக்கட்டு அந்த மெல்லிய அடிகளையும் ஓங்கியே போட்டுக்கொண்டிருந்தது. ஒத்திகை அறையில் ஒரு மாலை முழுவதும் ஸ்னேரின் மேல் ஒரு துண்டை விரித்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சிறிய அடிகளை மட்டும் அவர் பழகியதை அருகில் அமர்ந்து பார்த்தேன். அதே சமயம், மூன்று மணி நேரம் வாசித்தாலும் வேகம் கூடாமலும் குறையாமலும் காக்கும் அவருடைய உறுதி, அந்த அணிவகுப்புப் பயிற்சி கொடுத்த சொத்து. நடன இசை மட்டுமே வாசித்து வளர்ந்த பலரிடம் அந்த உறுதியை நான் கண்டதில்லை.

இரண்டும் நான்கும் எங்கே என்பதை எங்களில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லாத ஒருவர் இருந்தார் என்றால் அவர் பாடகிதான். காஸ்பெல் எனப்படும் தேவாலயப் பாடல்களில் கைதட்டல் அங்கேதான் விழும். அவர் அதைக் கற்றுக்கொண்டதாகவே நினைவில்லை என்பார். டிரம்ஸ் கலைஞரின் பக்கத்தில் நின்று, ஒன்றும் பேசாமல், முழுப் பாட்டுக்கும் கைதட்டிக்கொண்டே இருந்த அவருடைய பொறுமை எங்கள் குழுவுக்குச் செய்த நன்மையை எந்தப் பயிற்சி வகுப்பும் செய்திருக்க முடியாது.

தேவாலயப் பின்னணி கவர் பாடல்களுக்கு என்ன கொடுக்கும் என்பதற்கு மிகப் பெரிய சான்று அமெரிக்கப் பாடகி அரீத்தா பிராங்க்ளின். அவர் டெட்ராய்டு நகரில் போதகராக இருந்த தம் தந்தையின் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். 'ரெஸ்பெக்ட்' பாடலை எழுதி 1965-இல் முதலில் வெளியிட்டவர் ஓட்டிஸ் ரெட்டிங். 1967-இல் அரீத்தா பாடியது கவர்தான். அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பாடும் பகுதி, இன்று எல்லோரும் சேர்ந்து கத்தும் அந்தப் பகுதி, ஓட்டிஸின் பதிவில் இல்லவே இல்லை. பின்னணிக் குரல்கள் பாடகிக்குப் பதில் சொல்லும் அமைப்பும் தேவாலயத்தின் அழைப்பு–மறுமொழி மரபிலிருந்து வந்தது. எங்கள் பாடகி ஒரு பாட்டின் முடிவை அன்றைய கூட்டத்தைப் பார்த்து நீட்டுவார். எத்தனை சுற்று நீளும் என்று எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. அவர் வலது கையை இறக்கும்போது முடிக்க வேண்டும். கவர் குழு என்றால் ஒலிப்பதிவை அச்சு மாறாமல் நகலெடுப்பது என்று எண்ணுபவர்கள், கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு பாட்டை எப்படி முடிப்பது என்ற கேள்வியைச் சந்திக்காதவர்களாக இருக்க வேண்டும்.

தாளத்தின் கனத்தை ஆட்டத்திடமிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கு நான் புதியவர்களிடம் எப்போதும் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1965-இல் மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகர் வில்சன் பிக்கெட்டின் பாடல் ஒன்றைப் பதிவுசெய்தபோது, தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் கூடத்துக்குள் இறங்கி, அன்றைய இளைஞர்கள் ஆடிவந்த ஒரு நடனத்தைத் தாமே ஆடிக்காட்டினார். அந்த ஆட்டத்துக்குப் பொருந்தும்படி டிரம்ஸ் கலைஞர் ஆல் ஜாக்சனும் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பரும் இரண்டிலும் நான்கிலும் விழும் அடியை ஒரு மயிரிழை தாமதப்படுத்தினார்கள். நாங்களும் அதன்பின் ஒத்திகையில் ஒருவரை ஆடச் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினோம். கால் எங்கே தரையைத் தொடுகிறதோ அங்கே என் பேஸ் சுரம் விழுகிறதா என்று பார்ப்பது, தாள வேகத்தைக் காட்டும் மெட்ரோனோம் கருவியைப் பார்ப்பதைவிடக் கடினமான பயிற்சி.

கீபோர்டு கலைஞருடைய சிக்கல் வேறு வகையானது; அது எனக்கும் அவருக்கும் இடையிலானது. தனிப் பியானோ வாசித்துப் பழகியவரின் இடது கை சும்மா இருக்காது, இருக்கவும் கூடாது. தனியாக வாசிக்கும்போது பேஸ், ஹார்மனி, மெட்டு மூன்றும் அவர் பொறுப்பு. குழுவிலோ கீழ் ஸ்தாயி என்னுடையது. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதே பகுதியில் அவருடைய இடது கையும் ஆக்டேவ்களாக இறங்கினால் இரண்டும் கலங்கி வெறும் உறுமலாகிவிடும். அவர் இடது கையைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டபோது, பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த திறமையில் பாதியை அடக்கிவைக்கச் சொல்கிறோம் என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஆனால் கேட்ட மாத்திரத்தில் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, எழுதித் தருவதும், பாடகிக்கு ஏற்ற ஸ்கேலுக்கு ஒரு பாட்டை நின்ற இடத்திலேயே மாற்றுவதும் அவரால் மட்டுமே முடியும்; குழுவின் எழுத்து வேலை முழுவதையும் இன்று அவர்தான் சுமக்கிறார்.

ஸ்கேல் என்றதும் கிட்டாருக்கும் சாக்ஸபோனுக்கும் நடந்த வழக்கு நினைவுக்கு வருகிறது. ராக் கிட்டார் கலைஞருக்கு 'ஈ' ஸ்கேல் சொந்த வீடு. திறந்த தந்திகள் தாமாக முழங்கும். ஆல்ட்டோ சாக்ஸபோனோ 'ஈ ஃப்ளாட்' வாத்தியம்; எழுதிய சுரத்தைவிட ஒலிக்கும் சுரம் கீழே இருக்கும் என்பதால், கிட்டாரின் 'ஈ' அவருடைய தாளில் ஏழு ஷார்ப்கள் (சுரத்தை அரைச் சுரம் உயர்த்தும் குறிகள்) கொண்ட ஸ்கேலாக வந்து நிற்கிறது. இரண்டு பேரும் சளைக்கவில்லை. கடைசியில் கிட்டாரையும் பேஸையும் அரைச் சுரம் கீழே இறக்கிக்கொண்டோம். கிட்டார் கலைஞரின் விரல்கள் பழைய இடத்திலேயே இருந்தன. சாக்ஸபோன் கலைஞருக்கு ஒரு ஷார்ப்கூட இல்லாத 'சி' கிடைத்தது. மூன்றாவது மணி நேரத்தில் களைத்திருக்கும் பாடகியின் தொண்டைக்கும் அரைச் சுரம் இறங்கியது பேருதவியாக அமைந்தது.

என்னைப் பற்றியும் கேள்வியில் இடமிருப்பதால் சொல்கிறேன். நான் அக்கூஸ்டிக் கிட்டாரில் கார்டு போட்டுக்கொண்டிருந்தவன். பேஸ் வாசிக்க ஆளில்லாததால் மாறியவன். என்னை உருவாக்கியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஜேம்ஸ் ஜேமர்சனைச் சொல்வேன். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் 1960-களின் நடனப் பாடல்களில் பேஸ் வாசித்த அவர், நிமிர்த்தி வாசிக்கும் பெரிய பேஸில் ஜாஸ் வாசித்து வந்தவர். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே தந்தியை மீட்டுவார். அவரும் அவருடைய சக கலைஞர்களும் பெரும்பாலும் ஜாஸ் மரபினர். பல ஆண்டுகள் இசைத்தட்டு உறைகளில் அவர்களின் பெயர்கள் அச்சாகவே இல்லை என்பது இன்றும் எனக்கு ஆறாத வருத்தம். கொண்டாட்டப் பாடல் என்றாலே நினைவுக்கு வரும் கூல் அண்ட் தி கேங் குழுவும் 1964-இல் ஜாஸ் குழுவாகத்தான் தொடங்கியது. எளிமையாகக் கேட்கும் நடன இசைக்குக் கீழே இப்படிப்பட்ட கடும் பயிற்சி கிடப்பதை அறிந்த பிறகுதான், ஒரே சுரத்தை நான்கு நிமிடம் வாசிப்பதை நான் தாழ்வாக நினைப்பதை விட்டேன்.

புதிதாகக் குழு அமைப்பதற்காக நீங்கள் இதைக் கேட்டிருந்தால், வருபவரிடம் பிடித்த கலைஞர்களின் பட்டியலைக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முதலில் யாரோடு சேர்ந்து வாசித்தீர்கள், அங்கே உங்கள் வேலை என்னவாக இருந்தது என்று கேளுங்கள். நாங்கள் புதிய பாட்டை எடுக்கும்போது வாத்தியங்களைத் தொடாமல் ஆறு பேரும் மூன்று முறை கேட்டுவிட்டு, கேட்டதில் மற்றவர்கள் தவறவிட்டிருக்கக்கூடிய ஒன்றை ஆளுக்கொன்றாகச் சொல்வோம். கடந்த வாரம் பாடகி இரண்டாம் சரணத்தில் ஒரு மூச்சைச் சொன்னார். கீபோர்டு கலைஞர் நடுவே ஒளிந்திருந்த ஒரு கார்டைச் சொன்னார். டிரம்ஸ் கலைஞர், ஸ்னேருக்கு அடியில் மிக மெல்லிதாக ஒலித்த இடது கை அடிகளைச் சொன்னார். எங்களில் வேறு யாருக்கும் அவை கேட்டிருக்கவில்லை.