பெங்களூருக்குப் போகும் ஊறுகாய் பாட்டிலும் ஜிஎஸ்டியும்

கேள்வி: மதுரையில் வீட்டிலேயே ஊறுகாயும் இட்லிப் பொடியும் போட்டு விற்கிறேன். 2025-26ல் 28 லட்சத்துக்கு வியாபாரம், அதில் 26 லட்சம் ஜிபே, மீதி ரொக்கம். பெங்களூருக்கு மட்டும் கூரியரில் 3 லட்சத்துக்குப் போனது. செலவெல்லாம் போக 7 லட்சம் நின்றிருக்கும். 40 லட்சம் வரை ஜிஎஸ்டி வேண்டாம் என்கிறார் ஒருவர், ஜிபேயை நிறுத்து என்கிறார் இன்னொருவர். நான் எவ்வளவு வரி கட்டணும்?

பதில்: வருமான வரியைப் பற்றித்தான் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன், அதில் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. புதிய வரி முறையில் 2025-26க்கு 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி பூஜ்யம். ஆனால் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டீர்கள், அதனால் வரி இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும்.

இங்கே ஒரு குறுக்குவழி சொல்வார்கள். கணக்குப் புத்தகம் இல்லாத சிறு வியாபாரி ஜிபே, வங்கி வழியாக வந்ததில் 6%, ரொக்கத்தில் 8% லாபம் என்று காட்டலாம். உங்களுக்கு அது 1.56 லட்சமும் 16 ஆயிரமும், ஆக 1.72 லட்சம். காட்டிவிடாதீர்கள். அது குறைந்தபட்ச அளவு, உண்மையான லாபம் அதிகம் என்றால் அதைத்தான் காட்டணும்; அதுவும் 7 லட்சம் காட்டினாலும் வரி பூஜ்யம்தானே, நாளைக்கு கிரைண்டர் வாங்க வங்கியில் கடன் கேட்டால் மேனேஜர் முதலில் பார்ப்பது அந்த ரிட்டர்னைத்தான்.

சரி, இப்போது பெங்களூர். 40 லட்சம் என்பது மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்பவருக்கு. வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால், ஒரு பாட்டிலாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஒரு சதவீதம் கட்டித் தப்பிக்கிற காம்போசிஷன் திட்டமும் கிடையாது, அதில் இருப்பவர் வெளி மாநிலத்துக்கு விற்கக்கூடாது.

பதிவு எடுத்துவிட்டால் வரி பெங்களூர் பார்சலுக்கு மட்டும் இல்லை, பக்கத்து வீட்டு அக்கா வாங்கும் கால் கிலோவுக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 22லிருந்து ஊறுகாய்க்கு 12% போய் 5% ஆகிவிட்டது, பொடிக்கும் ஐந்து என்றே வைத்துக்கொள்கிறேன். விலையை ஏற்றாமல் 28 லட்சத்துக்குள்ளேயே வரியை அடக்கினால் சுமார் 1.33 லட்சம் போகும். எண்ணெய், பாட்டில், கூரியர் இவற்றுக்கு நீங்கள் கட்டிய ஜிஎஸ்டியை அதில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு உங்கள் ஜிஎஸ்டி எண் போட்ட பில் வேணும், மார்க்கெட் கடைக்காரர் எழுதித்தரும் துண்டுச்சீட்டு செல்லாது. இன்னொரு பக்கம் பெங்களூர் 3 லட்சத்தில் உங்கள் கையில் நிற்பது, கால்பங்கு லாபம் என்று பார்த்தால், 75 ஆயிரம். அதற்காக மொத்த வியாபாரத்தையும் வரிக்குள் கொண்டுவரணுமா? பெங்களூர் ஆர்டர் வேகமாக வளர்கிறது, விலையையும் ஏற்றலாம் என்றால் உடனே பதிவு செய்யுங்கள், அரசு தளத்தில் கட்டணமே கிடையாது. இல்லையென்றால் நானாக இருந்தால் அந்தப் பார்சலை நிறுத்துவேன். இதுவரை அனுப்பியதற்கு என்ன செய்வது என்பதை மட்டும் ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஜிபேயை நிறுத்தச் சொன்னவர் 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். யுபிஐ வரவை வைத்து பெங்களூரில் சின்னக் கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது, பலர் 'ரொக்கம் மட்டும்' என்று அட்டை மாட்டினார்கள். ரொக்கமாக வாங்கினாலும் விற்பனை விற்பனைதான், அட்டை மாட்டி எதுவும் குறையாது. உங்கள் ஆபத்து வேறு: சீட்டுப் பணம், தம்பி திருப்பித் தந்த கைமாற்று எல்லாம் அதே ஜிபேயில் வந்து விழுந்தால் அதுவும் விற்பனை மாதிரியே தெரியும். இந்த வாரமே வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு கரண்ட் அக்கவுண்ட் திறந்து, பாட்டிலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை அதற்கு மாற்றிவிடுங்கள்.