கேஎல்-6 ஏறினால் நுரையீரல் தழும்பு கூடிவிட்டதா?

சிஸ்டமிக் ஸ்க்ளிரோசிஸ் (தோலும் உள்ளுறுப்புகளும் தடித்து இறுகும் நோய்) உள்ள உங்கள் அம்மாவுக்கு, ரத்தத்தில் பார்க்கும் கேஎல்-6 என்ற புரதம் 720-லிருந்து 980 ஆகியிருக்கிறது, நுரையீரல் தழும்பு கூடிவிட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை, அதை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. காயப்பட்ட காற்றுப்பைச் செல்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும்போது இந்தப் புரதம் ரத்தத்தில் கூடுகிறது. சிஸ்டமிக் ஸ்க்ளிரோசிஸில் அது ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான்.

முதலில், இரண்டு சோதனையும் ஒரே லேபில், ஒரே முறையில் செய்ததா என்று பாருங்கள். முறை மாறினாலே எண் மாறலாம்.

அப்புறம் எஃப்விசி (மூச்சை முழுக்க இழுத்து வேகமாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு), டிஎல்சிஓ (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன்) அளவுகளைப் பழையவற்றோடு ஒப்பிட மருத்துவரிடம் சொல்லுங்கள். எஃப்விசி முன்பிருந்ததில் 10% குறைந்திருந்தால், கேஎல்-6-ஐ விட அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். எஸ்சிஎல்-70 (இந்த நோயில் நுரையீரல் பாதிப்போடு தொடர்புள்ள ஓர் ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்கிறீர்கள். அதனால் தள்ளிப்போடாமல், எச்ஆர்சிடி (நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சிடி ஸ்கேன்) திரும்ப எடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

சில புற்றுநோய்களிலும் கேஎல்-6 ஏறும், அதையும் மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும். மூச்சிரைப்பு திடீரென்று கூடினால் மட்டும் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காதீர்கள்.