வாசகர் கேள்வி பதில்: உறைபனியில கோழிக்கொட்டகை

கேள்வி: அக்கா, எங்க பக்கம் இப்ப ராத்திரியில மைனஸ் பத்துக்கும் கீழ போகுது. மரக்கொட்டகையில எட்டு கோழி இருக்கு. மத்த நாள்ல ஹோஸ் பிடிச்சு கழுவி விட்டுடுவேன், இப்ப தண்ணி ஊத்தினா தரையெல்லாம் ஐஸ் ஆகிடுது. கழுவாம விட்டா காலையில கதவத் திறந்ததும் கண்ணு எரியுற நாத்தம். குளிருக்கு பயந்து மேல இருந்த ஜன்னல் ஓட்டையெல்லாம் துணி வச்சு அடைச்சிருக்கேன். எப்படித்தான் சுத்தம் பண்றது?

பதில்: தம்பி, மொத வேலையா அந்தத் துணிய உருவுங்க. கோழிக்கு உடம்பு சூடே 41 டிகிரி கிட்ட, மேல இறக்கைப் போர்வை வேற, காஞ்ச இடமா இருந்தா குளிர நல்லாவே தாங்கும். தாங்காதது ஈரம். எச்சத்துல முக்கால்வாசி தண்ணிதான், அதோட ராத்திரி பூரா எட்டு கோழியும் விடுற மூச்சுல வர்ற ஈரம், எல்லாம் வெளிய போக வழியில்லாம கூரையில படிஞ்சு, கொண்டையில படிஞ்சு, கொண்டை நுனி மொதல்ல வெளுத்து அப்புறம் கறுத்துப் போறது அதனாலதான் ஜாஸ்தி. ஓட்டை அதுங்க உட்கார்ற கட்டைக்கு மேல, கூரையோரமா இருக்கணும், அப்பதான் ஈரக்காத்து வெளிய போகும், குளிர்காத்து நேரா கோழி மேல அடிக்காது.

கண்ணு எரியுதுன்னீங்களே, அது எச்சத்துல இருந்து கிளம்புற அம்மோனியா வாயு. 25 பிபிஎம்முக்கு மேல, அதாவது காத்துல பத்து லட்சம் பங்குக்கு 25 பங்குக்கு மேல போகக் கூடாதுன்னு பொதுவா சொல்றது. நீங்க நின்னுக்கிட்டு மோந்து பாத்துட்டு ஓகேன்னு போயிடாதீங்க, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தரையில பரப்பியிருக்கிற கூளத்துக்குப் பக்கத்துல மூக்க வச்சுப் பாருங்க, கோழி சுவாசிக்கிறது அந்தக் காத்ததான்.

சுத்தத்துக்கு தண்ணியே வேணாம், சுரண்டினா போதும். உட்கார்ற கட்டைக்குக் கீழ ஒரு பலகை போட்டு லேசா காஞ்ச மணல் தூவி வைங்க, ராத்திரி விழுற எச்சம் பூரா அதுல நிக்கும். காலையில வெயில் ஏறி இளகுறதுக்கு முன்னாடி போய் பெயின்டர் வச்சிருக்கிற பட்டி பிளேடால ஒரு தள்ளு, கல்லு மாதிரி உறைஞ்சது டக்குனு கழண்டு வந்துடும், கையிலயும் ஒட்டாது. சத்தியமா சொல்றேன், வெயில் காலத்த விட இதுதான் ஈஸி.

தரைக்கு ஆழ்கூளம். மரச்சீவல் 10, 15 சென்டிமீட்டர் போட்டு ஆரம்பிச்சு, நனைஞ்ச இடத்த மட்டும் அள்ளிட்டு மேல மேல புதுசு போட்டுக்கிட்டே போங்க, மொத்தமா அள்ளுறது குளிர் விட்டப்புறம். கொஞ்சம் தானியத்த வீசி விட்டா கோழியே கிளறிக் குடுத்துடும். ஒரு கைப்பிடி அள்ளி நல்லா அமுக்கிப் பாருங்க, உதிர்ந்தா சரி, உருண்டையா நின்னா ஈரம் ஏறிடுச்சு. கூளமே மக்கி சூடு குடுக்கும்னு சிலர் சொல்றத இந்தக் குளிர்ல ரொம்ப நம்பாதீங்க, உறைஞ்சு கிடக்கிற கூளத்துல மக்குறது கிட்டத்தட்ட நின்னே போயிடும், ஈரத்த உறிஞ்சுறதோட சரி.

தண்ணிப் பாத்திரத்த ராத்திரி வெளிய எடுத்துடுங்க, கூளம் நனையுறதுக்குப் பாதி காரணம் அதுதான். ரப்பர் கிண்ணமா இருந்தா கவுத்து ஒரு மிதி மிதிச்சா ஐஸ் முழுசா வந்துடும்.

கேள்வி: ப்ளீச்சிங் அடிச்சா கிருமியும் சாகும் நாத்தமும் போகும்ல?

பதில்: வேணவே வேணாங்க. எச்சத்துல இருக்கிற அம்மோனியாவோட ப்ளீச் சேர்ந்தா விஷவாயு வரும், அடைஞ்ச கொட்டகையில உங்களுக்கே ஆபத்து. அதுவும் காயாம உறையும். மருந்து அடிக்கணும்னா பனி விட்டு நல்லா வெயில் அடிக்கிற நாள் வரட்டும், கோழிய வெளிய விட்டு, எல்லாத்தையும் அள்ளி, கழுவி, அப்புறம் அடிங்க.

கேள்வி: நாத்தத்துக்கு சுண்ணாம்பு தூவலாமா?

பதில்: வேணாம். சுண்ணாம்பு பட்டா அம்மோனியா இன்னும் ஜாஸ்தியாதான் கிளம்பும்.

கேள்வி: ஹீட் லேம்ப் போட்டா ஈரம் காயும்னு சொல்றாங்களே?

பதில்: காஞ்ச சீவலும் தூசியும் இருக்கிற இடத்துல சூடான பல்பு தொங்குறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, கோழி ஒரு தடவ பறந்து இடிச்சா தீதான். வென்டிலேஷன் சரியா இருந்தா வளந்த கோழிக்கு அது அவசியமும் இல்ல, குஞ்சு கதை வேற. அப்புறம் கூளத்தக் கிளறும்போது மாஸ்க் போட்டுக்குங்க, காஞ்ச எச்சத்தூசி நுரையீரலுக்கு ஆகாது. கொட்டகைக்குன்னு தனியா ஒரு பூட்ஸ் வச்சுக்குங்க, அத வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க.