இரண்டாம் சரணம் எங்கே போனது?

அன்பின் ஐயாவுக்கு,

வணக்கம். கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 52 வயது. பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். சனி, ஞாயிறு இரவில் ரீவியில் பாட்டுப்போட்டி தொடங்கினால் நான் இடத்தை விட்டு எழும்ப மாட்டேன். முதலில் பகிடி பண்ணின இவரும் இப்ப கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்கிறார். மகனோ, “அம்மா, அதெல்லாம் செட்டப். பாட்டைப் பிறகு கொம்பியூட்டரில் திருத்தித்தான் போடுறாங்கள். நீங்கள் அதைப் பார்த்து அழுறீங்கள்” என்கிறான். எங்கட வயது ஆக்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பைத்தியம்? இளம் பிள்ளையள் ஐந்து நிமிஷம் பார்த்திட்டு எழும்பிப் போகுதுகள். மகன் சொல்வது உண்மையா? சின்ன வயதில் நானும் சங்கீதம் படித்தனான், மூன்றாம் தரத்தோடு நின்றுபோச்சு. இன்னுமொன்று, நல்லாய்ப் பாடிக்கொண்டு போகிற பிள்ளை இரண்டாம் சரணம் பாடாமலே முடித்துவிடுகுது. அது ஏன்?

ஒரு வாசகி, கோண்டாவில்

அன்பின் சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்றவற்றுக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

எண்பதுகளின் சினிமாப் பாட்டு ஒன்று பெரும்பாலும் 4 முதல் 5 நிமிஷம் ஓடும். போட்டி மேடையில் ஒரு பிள்ளைக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் நேரம் கிடைக்கிறது. ஒரே இரவில் பல பேர் பாட வேண்டும், நடுவர்கள் பேச வேண்டும், விளம்பரம் போக வேண்டும். அதனால் பாட்டைத் தைக்கிறார்கள்: பல்லவி, முதல் இடையிசை, முதல் சரணம், திரும்பப் பல்லவி, அதோடு முடிவு. இரண்டாம் இடையிசையும் இரண்டாம் சரணமும் வெட்டுப்படும். சில வேளை முதல் இடையிசையிலேயே வயலின் பகுதி பாதி குறைந்திருக்கும்.

இந்த வெட்டு யாருக்குத் தெரியும்? அந்தப் பாட்டை முழுதாய் மனப்பாடமாய் வைத்திருப்பவருக்குத்தான். அந்தப் பாட்டைப் போனில் ஒரு நிமிஷத் துண்டாய்க் கேட்ட இளம் பிள்ளைக்கு மேடையில் கேட்டதே முழுப்பாட்டு. உங்களுக்கோ உள்ளே வேறொரு பாட்டு சமாந்தரமாய் ஓடிக்கொண்டிருக்கிறது. மேடையில் பாடுவதை வரிக்கு வரி அதோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இளம் பிள்ளையள் போட்டியைப் பார்க்கிறார்கள், நீங்கள் பாட்டைக் கேட்கிறீர்கள். உங்கள் வயதுக்காரரை அந்தக் கதிரையில் இருத்தி வைப்பது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பத்து வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் கேட்டதும் பார்த்ததும் மற்றக் காலத்தை விட ஆழமாய்ப் பதிகின்றன என்று ஞாபகத்தை ஆராய்கிறவர்கள் நெடுநாளாய்ச் சொல்லி வருகிறார்கள். பாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். ரீவியின் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பது நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்குத் தெரியும். அதனால்தான் பத்து வயதுப் பிள்ளை, தான் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்னர் வந்த பாட்டோடு மேடைக்கு வருகிறது. விஜய் ரீவியில் 2006 இல் தொடங்கிய சூப்பர் சிங்கரும், ஜீ தமிழின் சரிகமபவும் இந்தப் பாட்டுகளை நம்பித்தான் வாரம் வாரமாய் ஓடுகின்றன.

இந்தப் பொதுக் காரணத்தோடு யாழ்ப்பாணத்துக்கு உரியவை சில இருக்கின்றன.

உங்கள் தலைமுறைக்கு வானொலிதான் முதல் வாத்தியார். இலங்கை வானொலி வர்த்தக சேவையில் பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர் என்று சொல்லித்தான் இசைத்தட்டைப் போடுவார்கள். பி.எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ அந்த வானொலியில் வளர்ந்து, பிறகுதான் சன் ரீவிக்குப் போனது. ரீவி போட்டிகள் வர முன்னமே போட்டியைக் காதால் கேட்டுப் பழகினவர்கள் நீங்கள்.

பிறகு 1990. போரால் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, பற்றரி தடைப்பட்ட சாமான் ஆனது. உங்களுக்கு அப்போது 17, 18 வயது இருக்கும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட காலம் அது. சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். அது தருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நாலு டயோட்டைப் பாலமாய்ப் பொருத்தி, ஒரு பெரிய கொன்டென்சர் போடாவிட்டால் பாட்டுக்குள்ளே ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் நிற்கும். சுற்றுகிற கை களைத்தால் ரேடியோவில் சத்தம் அமுங்கும். கசெற் என்றால் இன்னும் மோசம், மோட்டர் மெதுவாகும், பாடகரின் குரல் சுருதி விட்டுப் படிப்படியாய்க் கீழே இறங்கும். ஒருவர் சுற்ற, நாலு பேர் கேட்பார்கள். அப்படிக் கேட்ட பாட்டில் ஒரு வரியைக்கூட யாரும் தவற விட்டிருக்க மாட்டார்கள். சுருதி இறங்கினால் அந்தக் கணமே காது கண்டுபிடிப்பதும் அங்கே வந்த பழக்கம்தான்.

கோயில் வீதியையும் மறக்கக்கூடாது. திருவிழா இரவில் இரண்டு மூன்று செற் மேளம் பிடித்து, ஒன்றுக்கொன்று போட்டியாய்ச் சமா வைத்து, விடிய விடிய வாசிக்க வைப்பது எங்கட ஊர்ப் பழக்கம். 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சிணாமூர்த்தி போன்றவர்கள் இப்படிப்பட்ட வீதிகளில் வாசித்தவர்கள். அங்கே புள்ளி போட மேசை இல்லை. மணலில் சப்பாணி கட்டி இருந்த சனம்தான் நடுவர். எந்தத் தவில்காரர் முடிக்கிற தீர்மானத்தை இடறினார், எவர் சினிமாப் பாட்டுக்கு மாறிச் சனத்தைப் பிடித்தார் என்று அடுத்த நாள் சந்தையிலும் கதைப்பார்கள். ரீவிப் போட்டியில் நடுவர் வாய் திறக்கு முன் நீங்களும் உங்கள் கணவரும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறீர்கள் என்றால், அது அந்த வீதியிலிருந்து வந்தது.

மூன்றாம் தரத்தோடு நின்றுபோச்சு என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வரி என்னை நிறுத்திப்போட்டது. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சை எழுதி, இரண்டாம் தரம், மூன்றாம் தரம், நாலாம் தரம் என்று நின்ற பெண்கள் குடாநாடு முழுக்க இருக்கிறார்கள். சிலருக்குக் கலியாணம், சிலருக்கு யாழ்ப்பாணச் சனம் ஒரேயடியாய் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு. சுருதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் நாவற்குழிப் பாலம் கடந்தார்கள்? ஒரு பிள்ளை மேடையில் மேலே தார ஸ்தாயியைத் தொடும்போது உங்களுக்குக் கண் கலங்குவதை மகன் விளங்காமல் போகலாம். நின்றுபோன இடத்திலிருந்து வேறொருவர் தொடர்ந்து பாடுவதைக் கேட்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கட பிள்ளை பாடுது என்பதன் வலுவையும் சொல்ல வேண்டும். 2015 சூப்பர் சிங்கர் ஜூனியரில் கனடாவிலிருந்து வந்த ஜெசிக்கா ‘விடை கொடு எங்கள் நாடே’ பாடியபோதும், 2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா சரிகமப லிட்டில் சாம்ப்ஸில் பட்டம் வென்றபோதும், பாட்டுக் கேட்காத வீடுகளிலும் ரீவி போட்டுக்கிடந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீட்டில், வாரத்தில் இரண்டு இரவு தவறாமல் வருகிற ஒரு பிள்ளைக்கு என்ன பெறுமதி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளை முதல் வாரம் இடறின இடத்தைப் பத்தாம் வாரம் திருத்திப் பாடுகிறது. வளர்வதைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

இனி மகனின் குற்றச்சாட்டு. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழுதும் அல்ல.

இப்படியான நிகழ்ச்சிகளில் பாடுகிறவரின் மைக்கும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடத்தில் பதிவாகும். பிறகு இருந்து கலவை செய்வார்கள். அந்த நேரத்தில் சுருதியையும் திருத்தலாம். அதற்கான ஓட்டோ டியூன் மென்பொருள் வந்தது 1997 இல். அதைச் செய்த ஆன்டி ஹில்டபிராண்ட், நிலத்துக்குக் கீழே எண்ணெய் தேடுவதற்கு அதிர்வலைகளை ஆராய்ந்தவர். அதே கணிதத்தைக் குரலுக்குப் போட்டார். 2010 இல் பிரித்தானியாவின் எக்ஸ் ஃபாக்டரில் முதற்சுற்றுப் பாட்டுகளுக்கு ஒளிபரப்புக்கு முன் இப்படித் திருத்தம் நடந்தது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது.

உங்கள் காதால் இதைப் பிடிக்கலாம். அந்த மென்பொருளுக்குப் பிடித்தது நேராய் நிற்கிற ஸ்வரம். ஸ்வரத்தை ஆட்டி வழுக்கிப் பாடுகிற கமகத்தோடு அதற்கு ஒத்துவராது. தோடி ராகச் சாயல் உள்ள பாட்டில் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் வழுக்கிக்கொண்டு ஆட வேண்டும். இறுக்கித் திருத்தியிருந்தால் அந்த வழுக்கல் படிக்கட்டு மாதிரித் துண்டு துண்டாய்க் கேட்கும். நீள ஸ்வரம் ஒன்று தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு மயிரிழைகூட அசையாமல் நின்றாலும் சந்தேகப்படுங்கள், பத்து வயதுப் பிள்ளையின் மூச்சு அப்படி நிற்காது. சனம் கண் துடைக்கிற காட்சிகளை மட்டும் நம்பாதீர்கள். அவை எந்தப் பாட்டுக்கு எடுத்தவை என்று யாருக்கும் தெரியாது. ஒரே முகம் இரண்டு பாட்டுக்கு ஒரே மாதிரித் தலை சாய்த்தால் கண்டுகொள்ளலாம்.

ஆனால் திருத்த முடியாதவையும் இருக்கின்றன. சுருதியைத் தூக்கி நிறுத்தலாம், பாட்டில் வர வேண்டிய உணர்ச்சியை நிறுத்த முடியாது. பாட்டைத் தொடங்குகிற எடுப்பு இடம் பிந்திப்போனால் வெட்டி ஒட்டலாம், ஆனால் அந்தத் தடுமாற்றத்தில் அடுத்த வரியில் மூச்சுப் போதாமல் போவது தெரியத்தான் செய்யும். நான் கவனிக்கச் சொல்வது ஒரே இடம்: சரணத்தில் மேலே போய்விட்டுப் பல்லவிக்குத் திரும்புகிற முதல் சொல். மேலே கத்திப் பிடித்த பிள்ளைக்கு அந்தச் சொல் சுருதியில் சரியாய் வந்து இறங்காது. தலையைத் திருப்பிக் கீபோட்காரரைப் பார்க்கும். பயிற்சி உள்ள பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே வந்து இறங்கும்.

ஜோடிப் பாட்டில் ஆண் பகுதி பாடுகிற பையனின் குரல் அமுங்கிப்போனால் அவனில் பிழை பிடிக்காதீர்கள். மூலப்பாட்டில் ஆணும் பெண்ணும் ஒரே கட்டையில், அதாவது ஒரே ஆதார சுருதியில், ஆண் கீழ் ஸ்தாயியில் பாடியிருப்பார்கள். குரல் உடையாத பையனுக்கும் பெண் பிள்ளையின் குரல்தான். ஆண் பகுதி அவனுக்கு மந்திர ஸ்தாயியில் போய் விழும், அங்கே சத்தம் வராது. தனி ஆண் பாட்டைப் பெண் பிள்ளை பாடினால் 1 கட்டைப் பாட்டை 5 கட்டைக்கு ஏற்றுவார்கள். கீபோட்டில் அது ஒரு பொத்தான், புல்லாங்குழல்காரர் குழலையே மாற்ற வேண்டும். அதுதான் இடையிசை வேறு மாதிரிக் கேட்பதற்குக் காரணம்.

இதெல்லாம் கேட்க வேண்டுமென்றால் ரீவியின் சொந்த ஸ்பீக்கர் போதாது. தட்டை ரீவிகளில் அது பின்பக்கமோ அடிப்பக்கமோ பார்த்து இருக்கும், தபேலாவின் இடக்கை கேட்கவே கேட்காது. சத்தத் தெரிவில் சரவுண்ட் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அது குரலுக்கு இல்லாத எதிரொலி சேர்க்கிறது. அடுத்த நாள் யூரியூப்பில் அதே பாட்டை இயர்போன் போட்டு ஒருமுறை கேளுங்கள்.

கேட்காத ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ரீவியோடு சேர்ந்து நீங்களும் பாடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். அந்தப் பிள்ளையளின் கட்டையில் பாடாதீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குக் குரல் சற்றுக் கீழே இறங்குவது இயல்பு. மூன்றாம் தரத்தில் 5 கட்டையில் பாடியிருந்தால் இப்போது 4 கட்டைக்கோ 3 கட்டைக்கோ வந்திருக்கலாம். பழைய கட்டையிலேயே பிடிவாதமாய்ப் பாடித் தொண்டை கட்டி, என்ர குரல் போச்சு என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

போனில் தம்புரா செயலி ஒன்றை இறக்குங்கள். 5 கட்டையில் வைத்து ஸட்ஜத்தைப் பிடித்து, கீழே மந்திர பஞ்சமம், மேலே தார காந்தாரம் இரண்டும் கழுத்து நரம்பு புடைக்காமல் வருகிறதா பாருங்கள். மேலே இறுகினால் அரைக் கட்டை இறக்குங்கள்: 5, நாலரை, 4. அதற்குக் கீழே அடுத்தது 3, மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. இரண்டு முனையும் சுகமாய் வருகிற இடம்தான் உங்கள் சுருதி. காலையில் எழும்பினவுடன் பார்க்காதீர்கள், குரல் அப்போது தடித்துக் கீழே நிற்கும், பிழையான கட்டை காட்டும். பின்னேரம் பாருங்கள். முதல் இரண்டு கிழமை 15 நிமிஷம், ‘ஆ’ என்று அகாரத்தில் நீள ஸட்ஜமும் பஞ்சமமும், பிறகு சரளிவரிசை, மெதுவான முதற்காலம் மட்டும். கரகரப்பு இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.

எந்தக் கட்டையில் நிற்கிறது என்று எழுதுங்கள். அதற்கு ஏற்ற பாட்டு ஐந்தாறு, இரண்டாம் சரணமும் முழுதாய் உள்ளவை, தேடித் தருகிறேன்.