சாதாரணச் சம்பளக்காரர் மனசாட்சிப்படி பொருள் வாங்க முடியுமா?

'இயற்கை', 'பசுமை' என்று போட்டிருப்பதெல்லாம் இரண்டு மடங்கு விலையாக இருக்கிறதே, மாதச் சம்பளக்காரன் என்னதான் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடம், துணியில் குறை இருந்தால் கழிக்கும் செக்கிங்கில் இருந்தேன். அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்தில். நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய அணை அது. 1992-ல் திறந்தார்கள், சில வருடங்களிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. லீவுக்குப் போய்க் கிணற்றடியில் குளித்தால் சோப்பு நுரைக்காது. தலைமுடி திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும். அப்புச்சி முதலில் மஞ்சள் போடுவதை விட்டார், அப்புறம் வெள்ளாமையையே விட்டார். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற விதிக்கு உயிர் வந்தது. அப்படிச் சுத்திகரிக்கக் காசு ஆகும். அந்தக் காசை மிச்சம் பிடித்து யாராவது மலிவாக ஒரு சட்டை தந்தால், அது எங்கள் அப்புச்சி மாதிரி ஒருவர் கிணற்றிலிருந்து எடுத்த காசு.

ஆனால் கடையில் நின்றுகொண்டு 'இதற்கு எங்கே சாயம் போட்டார்கள்?' என்று கேட்டால் விற்பவருக்கே தெரியாது. லேபிளிலும் இருக்காது. அதனால் துணி விஷயத்தில் நான் கெட்டிக்காரத்தனம் எதுவும் செய்வதில்லை. குறைவாக வாங்குகிறேன், கிழியும்வரை போடுகிறேன். திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் கிடைக்கும். நூல் தடிப்பு, ஊசி விட்ட ஓட்டை என்று நானே கழித்துப் போட்ட ரகம்தான். ஒன்றை நான்கு வருடமாகப் போடுகிறேன், ஓட்டை எங்கே என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மலிவு என்று பத்தை அள்ளிக்கொண்டு வந்தால் அதுவும் வீண்தான்.

மளிகையில் நம் கைக்குக் கொஞ்சம் வலு உண்டு. கவுந்தப்பாடிப் பக்கம் ஓர் ஆலையில், வெல்லத்துக்கு ஏன் ஹைட்ரோஸ் (நிறத்தை வெளுக்க வைக்கும் ரசாயனம்) போடுகிறீர்கள் என்று கேட்டேன். கொப்பரையைத் துழாவிக்கொண்டே பெரியவர் சொன்னார்: "கறுப்பா இருந்தா ஒருத்தரும் கையில எடுக்கறதில்லைங்க. வெளுப்பாக் கேக்கறது நீங்கதானுங்களே?" எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கறுத்த வெல்லம்தான். பாயசம் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்காது, பரவாயில்லை.

பை விஷயத்தில் மட்டும் நான் ஏமாந்தேன். 2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததும், கல்யாண வீட்டில் கொடுத்தது, ஜவுளிக்கடையில் கொடுத்தது என்று வீட்டில் 23 துணிப்பைகள் சேர்ந்துவிட்டன. அதுவும் பருத்தி விளைத்து, நூற்று, சாயம் போட்டு வந்ததுதானே! இப்போது யார் புதிதாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இத்தனை இருந்தும், போன ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குப் பை எடுத்துப் போக மறந்துவிட்டேன். தக்காளியை ஹெல்மெட்டில் போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.