அப்பாவின் ரைபிள் குடகில் இருக்கிறது: அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: என் அப்பா குடகில் காபித் தோட்டம் வைத்திருந்தார். மடிக்கேரியில் வாங்கிய லைசென்ஸில் .315 ரைபிள் ஒன்று அவரிடம் இருந்தது. நான்கு மாதம் முன்பு தவறிவிட்டார். அம்மாவை அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டிவந்துவிட்டேன். ரைபிளும் 18 தோட்டாவும் தோட்டத்து வீட்டுப் பீரோவிலேயே இருக்கின்றன. "குடகில் துப்பாக்கிக்கு லைசென்ஸே தேவையில்லை. காரில் போட்டுக்கொண்டு போய் உங்க ஊரில் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார் தோட்டத்தை விற்றுத் தந்த தரகர். செய்யலாமா? அக்கா பெங்களூரில் இருக்கிறாள். அவளுக்கு ஆட்சேபம் இல்லை.

பதில்: செய்யவே செய்யாதீர்கள். அந்தத் தரகர் சொன்ன இரண்டுமே தப்பு.

முதலில் 'பெயர் மாற்றம்'. பட்டா மாறுதல் மாதிரி துப்பாக்கி லைசென்ஸை மாற்ற முடியாது. லைசென்ஸ் உங்கள் அப்பாவுக்குக் கொடுத்தது, அவரோடு முடிந்துவிட்டது. ரைபிள் என்ற பொருளுக்கு அம்மா, அக்கா, நீங்கள் மூவரும் வாரிசுகள். ஆனால் அதைக் கையில் வைத்திருக்கும் உரிமை மூவரில் யாருக்கும் இன்று இல்லை. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 21 சொல்வது இதுதான்: வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் போனாலும், தேவையில்லாமல் தாமதிக்காமல், பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். நான்கு மாதம் ஆகிவிட்டது. இனி ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

அடுத்து 'குடகில் லைசென்ஸ் தேவையில்லை' என்ற பேச்சு. இதை நம்பி மாட்டிக்கொள்பவர்கள் இருப்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். மத்திய அரசு 1963-ல் கொடுத்தது. 2019-ல் மேலும் பத்தாண்டு, அதாவது 2029 வரை, நீட்டித்திருக்கிறது. அது செல்லும் என்று 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் விலக்கு யாருக்கு என்று பாருங்கள். குடகு இனத்தாருக்கும், 'ஜம்மா' என்ற பரம்பரை உரிமையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். குடகில் தோட்டம் வாங்கிக் குடியேறியவருக்கு அது கிடையாது. உங்கள் அப்பா லைசென்ஸ் எடுத்திருந்தார் என்பதே அவர் அந்த விலக்கில் வரவில்லை என்பதற்குச் சாட்சி. விலக்கு உள்ளவர்கள்கூட அதற்கான சான்றை மடிக்கேரியில் வாங்கி வைத்திருப்பார்கள். அம்பாசமுத்திரத்தில் குடியிருக்கும் உங்களுக்கு அந்த விலக்கின் நிழல்கூட விழாது. வழியில் ஒரு செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினால், உங்கள் கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. சிறைத் தண்டனை உள்ள குற்றம் அது. அன்றைக்குத் தரகர் போனை எடுக்கமாட்டார்.

இனி செய்ய வேண்டியது. தோட்டம் எந்தக் காவல் நிலையத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அங்கே முதலில் எழுத்தில் தெரிவியுங்கள். இறப்புச் சான்று, அப்பாவின் லைசென்ஸ் புத்தகம் இரண்டின் நகலையும் இணையுங்கள். ரைபிளை நீங்களாகத் தூக்கிக்கொண்டு அலையாமல், அவர்களுக்குத் தெரிந்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். முடிந்தால் வியாபாரியிடமே வையுங்கள். வாடகை கேட்பார், ஆனால் எண்ணெய் போட்டு வைப்பார். குடகு மழைக்கு, ஸ்டேஷன் மூலையில் ஒரு பருவம் கிடந்தால் குழல் உள்ளே துரு ஏறிவிடும்.

ரசீதில் 'துப்பாக்கி ஒன்று' என்று எழுதினால் வாங்காதீர்கள். தயாரிப்பு, .315 என்ற குழல் அளவு, உடலில் பொறித்த எண், போல்ட்டில் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பகுதி) பொறித்த எண், தோட்டா 18, இப்போதைய நிலை எல்லாம் வர வேண்டும். லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பாருங்கள். எண் மேல் துரு படிந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ பாலிஷ் போடவோ யாரையும் விடாதீர்கள். துணியில் எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்தால் போதும். எண் அழிந்த துப்பாக்கியை எந்த அதிகாரியும் உங்கள் பெயரில் ஏற்றமாட்டார். சந்தேகமும் உங்கள் மேல்தான் விழும். புத்தகத்தில் .315-க்குப் பதில் .303 என்று இருந்தால் அது தடைசெய்யப்பட்ட வகை. அந்தக் கோப்பு டெல்லி வரை போகும், வழியே வேறு.

ரசீதில் உங்கள் அம்பாசமுத்திரம் முகவரியையும் எழுதச் சொல்லுங்கள். ஒப்படைத்த ஆயுதத்தைக் கெடுவுக்குள் யாரும் மீட்காவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் நோட்டீஸ் வர வேண்டும். அது பூட்டிய தோட்டத்து வீட்டுக் கதவில் போய் ஒட்டக் கூடாது.

லைசென்ஸுக்கு நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், மடிக்கேரியில் அல்ல. அம்பாசமுத்திரம் என்றால் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள கலெக்டர் அலுவலகம். (ஆழ்வார்குறிச்சி, கடையம் பக்கத்து வாசகர்கள் 2019-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகு அங்கே போக வேண்டும்.) ஆயுத விதிகள் 2016, விதி 25-ன் கீழ், இறந்தவரின் வாரிசு என்ற முறையில், ஏ-1 படிவத்தில் கேளுங்கள். கூடவே வாரிசுச் சான்று, அம்மாவும் அக்காவும் கொடுக்கும் ஆட்சேபமின்மைப் பத்திரம், ஒப்படைத்த ரசீது, அப்பாவின் லைசென்ஸ், மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று. அப்பாவின் லைசென்ஸில் யூஐஎன் (ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தேசியப் பதிவேட்டில் தரும் தனி அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மடிக்கேரி அலுவலகத்தில் அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாரிசுச் சான்றில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். அப்பா குடகில் வாழ்ந்து இறந்ததால், அம்பாசமுத்திரம் தாலுகா அலுவலகம் "அங்கே வாங்கி வாருங்கள்" என்று சொல்லக்கூடும். அங்கே நாடகச்சேரி என்ற வருவாய்த்துறை அலுவலகத்தில் வம்ச விருட்சச் சான்று (குடும்ப வாரிசுகளைக் காட்டும் சான்று) கன்னடத்தில் தருவார்கள். அதை மொழிபெயர்த்து, நோட்டரி சான்றோடு இணையுங்கள். பெயரின் எழுத்து இறப்புச் சான்றில் ஒரு விதம், லைசென்ஸில் ஒரு விதம் என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். ஒரு இன்ஷியலுக்காகக் கோப்பு ஆறு மாதம் தூங்கும்.

காரணம் எழுதும் இடத்தில் 'தோட்டத்தில் பன்றித் தொல்லை' என்று எழுதிவிடாதீர்கள். மலையடிவாரத்தில் பன்றி படுத்தும் பாடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் லைசென்ஸ் இருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது. அப்படி எழுதினால் வனத்துறை மறுப்பதற்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்தது போலாகும். அப்பா முறையாக வைத்திருந்த ஆயுதம், அவர் மேல் வழக்கு எதுவும் இல்லை, ஒதுக்குப்புறமான வீடு என்று இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். விதி 25 'கொடுக்கலாம்' என்றுதான் சொல்கிறது, 'கொடுத்தே ஆக வேண்டும்' என்று சொல்லவில்லை.

பிறகு கோப்பு ஸ்டேஷன், டிஎஸ்பி, எஸ்பி, கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், சேரன்மகாதேவி கோட்டம் என்று ஊர்கோலம் போகும். ஒரே கேள்வியை ஆறு மேசையில் ஆறு பேர் கேட்பது யாருக்கு என்ன பாதுகாப்பு தருகிறதோ! போலீஸ் அறிக்கை கெடுவுக்குள் வராவிட்டால் அதற்குக் காத்திராமலே உத்தரவிடலாம் என்று ஆயுதச் சட்டத்தின் பிரிவு 13 தெளிவாகச் சொல்கிறது. அதைச் செய்யும் துணிவு அலுவலகங்களுக்கு வருவதில்லை. ஆகவே மாதம் ஒரு நினைவூட்டல் மனு கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் முத்திரையோடு நகல் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யலாம். அதுவும் வேண்டாம் என்றால், ஒப்படைத்த இடத்திலிருந்தே உரிமை உள்ள ஒருவருக்கு விற்றுப் பணம் வாங்கிக்கொள்ள வாரிசுகளுக்குச் சட்டம் இடம் தருகிறது.

இந்த அலுப்பில்தான் லைசென்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்லும் புரோக்கர் வந்து சேருவார். "இருபது ரூபாய் பத்திரத்தில் தானம் எழுதினால் போதும்" என்பார். அந்தப் பத்திரம் லைசென்ஸ் ஆகாது. "வடக்கே ஒரு மாநிலத்தில் பத்து நாளில் அகில இந்திய லைசென்ஸ்" என்பார். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை வெளியூர்க்காரர்களுக்கு வழங்கிய லைசென்ஸ்களை சிபிஐ தோண்டி எடுத்ததை மறக்காதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்தும் அசல் லைசென்ஸ் புத்தகமும் எவர் கையிலும் கொடுக்காதீர்கள்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் எல்லை என்ற பகுதியைப் படியுங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் கர்நாடகத்தில் அது உதவாது. ரைபிளை எடுத்துவரும் பயணத்துக்குக் கர்நாடகத்தையும் சேர்த்து எழுத்தில் அனுமதி கேளுங்கள். மடிக்கேரி அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும் கையில் இருக்கட்டும். வரும்போது பந்திப்பூர், முதுமலை வழியோ திம்பம் மலைப்பாதையோ வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 31-ன்படி சரணாலயத்துக்குள் எழுத்து அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. லைசென்ஸ் இருப்பது அதற்குப் பதில் ஆகாது. சுற்று என்றாலும் மைசூரு, பெங்களூரு, ஓசூர், சேலம் வழியாக வாருங்கள். போல்ட்டைக் கழற்றித் தனியே, தோட்டாவைத் தனிப் பெட்டியில் வையுங்கள். ஊர் வந்த பிறகும் இதே கவனம் வேண்டும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற வழி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அந்தப் பயணத்தில் ரைபிள் வீட்டுப் பெட்டியில் பூட்டியே இருக்கட்டும்.