பத்து முறை படித்தும் ஏன் மறக்கிறது?

கேள்வி: மகள் பிளஸ் டூ. பாடத்தைப் பத்து முறை படிக்கிறாள், இரவு கேட்டால் டக்கென்று சொல்கிறாள். ஒரு வாரம் கழித்துத் தேர்வில் பாதிதான் எழுதுகிறாள். ஞாபக சக்திக்கு டானிக் கொடுக்கலாமா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: டானிக்கை விடுங்கள். பத்தாவது முறை படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தையே 'எனக்குத் தெரியும்' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தேர்வில் கேட்கப்படுவதோ, புத்தகம் இல்லாமல் உள்ளிருந்து எடுப்பது. அதற்கு அவள் ஒத்திகையே பார்க்கவில்லை.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு பத்தியைத் திரும்பத் திரும்ப, சராசரியாக 14 முறை படித்தது. இன்னொன்று மூன்று, நான்கு முறை மட்டும் படித்துவிட்டு, மீதி நேரத்தில் பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுவே முந்தியது (83-க்கு 71 சதவீதம்). உங்கள் வீட்டில் இரவில் நடப்பதும் இதுதான். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உயிரியலில் மெண்டலின் ஒரு பண்புக் கலப்பு பாடம் என்றால், இரண்டு முறை கவனமாகப் படிக்கட்டும். புத்தகத்தை மூடி, கால் மணி நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு, வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு விகிதங்களை எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையில் திருத்தட்டும். புறத்தோற்றம் 3:1, மரபணு அமைப்பு 1:2:1. இரண்டையும் மாற்றி எழுதியிருந்தால் அந்த இடம்தான் நாளைய வேலை. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் பத்துப் பத்து நிமிடம் போதும். முதல் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே தன்னை வைத்து அளந்து காட்டியபடி, மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக ஓடுகிறது, பிறகு மெல்ல நடக்கிறது.

சொதப்புவது எங்கே? விடை வராத உடனே புத்தகத்தை எட்டிப் பார்ப்பதில். அரை நிமிடமாவது தடுமாறட்டும். அந்தத் தடுமாற்றம்தான் பயிற்சி. பாதிக்கு மேல் வரவில்லையென்றால் இடைவெளி அதிகம், ஒருமுறை படித்துவிட்டு மறுநாளே எழுதலாம். இந்த முறையில் 'ஒன்றுமே ஏறவில்லை' என்று முதலில் அழுவாள். பயப்படாதீர்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போலீஸ் விசாரணை நடத்தாமல் இருந்தாலே பாதி உதவி.

கேள்வி: வயது 58. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்குப் போனதும் பூட்டினேனா என்று சந்தேகம். மறதி நோயா? - வாசகர், மதுரை

பதில்: இது ஒன்றை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கை பூட்டும்போது மனம் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தது. பதியாதது எப்படித் திரும்ப வரும்? போதாக்குறைக்கு நேற்று பூட்டியதும் இன்று பூட்டியதும் ஒரே மாதிரி. சாவியைத் திருப்பும்போது 'செவ்வாய், நீலச் சட்டை, பூட்டியாச்சு' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றைய நாளுக்கென ஓர் அடையாளம் விழும்.

பழகிய தெருவில் வழி தவறுவது, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது, சில்லறைக் கணக்கு குழம்புவது இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு கோளாறும்கூட நினைவைக் கெடுக்கும். இரண்டும் ரத்தப் பரிசோதனையில் தெரியும், மருந்தும் உண்டு. ஒரு முறை திரும்பி வந்து பார்ப்பதில் தப்பில்லை. ஐந்தாறு முறை இழுத்துப் பார்த்தால் சந்தேகம் குறையாது, கூடும். அப்படி நடந்தால் மனநல மருத்துவரிடம் போவதே சரி.